ஐந்து பவுண்டு பத்து ஷில்லிங்

எடின்பரோ ரயில் நிலையத்துக்குப் பெயர் வேவர்லி. 1814-ல் வால்டர் ஸ்காட் எழுதிய நாவலின் பெயர் அது. படியேறி பிரின்சஸ் தெருவுக்கு வந்தால், அதே ஸ்காட்டுக்கு 61 மீட்டர் உயரத்தில் கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்கள். கரி படிந்த கல், நடுவில் பளிங்குச் சிலை, உச்சிக்குப் போக 287 படிகள். எழுதிப் பிழைக்கிற யாருக்கும் அதை அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்யும்.

நான் போனது ஸ்காட்டுக்காக அல்ல. ஸ்காட் இந்த ஊரில் பிறந்த 1771-ல், இதே ஊரின் ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் உட்கார்ந்து உயில்களையும் வழக்குத் தாள்களையும் பக்கக் கணக்கில் நகலெடுத்துக்கொண்டிருந்த இளம் குமாஸ்தா ஒருவருக்காக. பெயர் ராபர்ட் ஃபெர்குசன். பிறந்தது 1750 செப்டம்பர் 5. இறந்தது 1774 அக்டோபர் 17. இருபத்து நான்கு வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டது. அதிலும் ஸ்காட்ஸ் மொழியில் உருப்படியாகக் கவிதை எழுதியது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள்தான். அந்த இரண்டாண்டுக் கணக்கைப் பேச, அவர் இறந்து 250 ஆண்டுகள் நிறைந்த 2024 அக்டோபரில் பேராசிரியர்கள் கூடிய ஒரு கருத்தரங்குக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரம். பெரிக் நெருங்கும்போது வலப்பக்கம் கடல் சன்னலோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் இடம் பிடித்து உட்காருங்கள். மற்றபடி பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கு எந்த ஊரிலும் ஒரே முகம்தான். கழுத்தில் பெயரட்டை, வாசலில் தேநீரும் பிஸ்கட்டும், இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டிய கட்டுரையைப் பதினெட்டாவது நிமிடத்தில் பாதி வாசித்து முடித்திருக்கும் ஆய்வாளர், "இரண்டு நிமிடம்" என்று எழுதிய சீட்டைத் தயங்கித் தயங்கித் தூக்கிக் காட்டும் அமர்வுத் தலைவர். இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. பின்வரிசைகளில் பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கையில் தொப்பியோடு வந்த ஒரு முன்னாள் பேருந்து ஓட்டுநர், பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். கவிஞர் அவர்களுடைய தெருக்காரர் என்பதால் வந்திருந்தார்கள்.

ஃபெர்குசன் பிறந்த சந்து இப்போது இல்லை. ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டி 'கேப் அண்ட் ஃபெதர்' என்ற பெயரில் இருந்த அந்தச் சந்தை, வடக்குப் பாலம் கட்டியபோது இடித்துவிட்டார்கள். அப்பா அபர்டீன்ஷயரிலிருந்து பிழைக்க வந்த கணக்கர். ஃபெர்குசன் என்ற குடும்பப் பெயருள்ள பையன்களுக்கு யாரோ புண்ணியவான் எழுதிவைத்த உதவித்தொகையில் டண்டியில் பள்ளிப்படிப்பும் செயின்ட் ஆண்ட்ரூஸில் கல்லூரிப் படிப்பும் நடந்தன. 1767-ல் அப்பா இறந்தார். மறு ஆண்டு மகன் பட்டம் வாங்காமல் ஊர் திரும்பி, குடும்பத்தைக் காப்பாற்ற நகலெடுக்கும் வேலைக்குப் போனார்.

அவர் நகலெடுத்துக்கொண்டிருந்த காலத்து எடின்பரோ இரண்டு மனதாக இருந்த ஊர். ஸ்காட்ஸ் மொழியை ஆங்கிலத்தின் கொச்சை வடிவம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அது பழைய ஆங்கிலத்திலிருந்து கிளைத்துத் தனியாக வளர்ந்து, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அரசவையிலும் சட்டத்திலும் காவியத்திலும் புழங்கிய மொழி. 1603-ல் அரசர் லண்டனுக்குக் குடிபோனார். 1707-ல் நாடாளுமன்றமும் போயிற்று. அதன்பின் முன்னேற நினைத்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் நாக்கைப் பார்த்தே வெட்கப்பட ஆரம்பித்தார்கள். தத்துவஞானி டேவிட் ஹ்யூம், தம் மக்கள் எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்டியச் சொற்களைப் பட்டியல் போட்டு 1752-ல் அச்சிட்டார். 1761-ல் தாமஸ் ஷெரிடன் என்ற நடிகர் எடின்பரோவுக்கு வந்து சரியான ஆங்கில உச்சரிப்பு பற்றிச் சொற்பொழிவாற்ற, ஊரின் பெரிய மனிதர்கள் காசு கொடுத்துப் போய்க் கேட்டார்கள். ஷெரிடன் அயர்லாந்துக்காரர். அரங்கில் இதைச் சொன்னபோது எழுந்த சிரிப்பில் முன்னாள் ஓட்டுநரின் குரல்தான் உரக்கக் கேட்டது.

மறு ஆண்டு, 1762-ல், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஹ்யூ பிளேரை இலக்கியத்துக்கான அரசப் பேராசிரியராக நியமித்தார்கள். ஆங்கில இலக்கியத்தைக் கல்லூரிப் பாடமாக நடத்தத் தொடங்கிய இடம் என்று பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். தங்கள் மொழியைக் கைவிடப் பழகிக்கொண்டிருந்தவர்கள் அடுத்தவர் மொழியைப் பாடமாக்கினார்கள். அந்தப் பாடம் கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1837-ல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆரம்பித்த பள்ளிதான் பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. நம் ஊரில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுடைய குருபரம்பரையைத் தோண்டிக்கொண்டே போனால் எங்கேயாவது ஒரு ஸ்காட்லாந்துக்காரர் உட்கார்ந்திருப்பார்.

ஃபெர்குசனும் ஆரம்பத்தில் ஊரோடு ஒத்துத்தான் போனார். 1771-ல் அச்சேறிய அவருடைய முதல் கவிதைகள் ஆங்கிலத்தில் எழுதியவை. மேய்ப்பர்கள், ஓடைகள், வனதேவதைகள் என்று அந்தக் காலத்து வழக்கமான சரக்கு. மோசம் என்று சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், அவ்வளவுதான். பிறகு 1772 ஜனவரி 2-ஆம் தேதி, வால்டர் ரட்டிமனின் வார இதழில் 'தி டாஃப்ட் டேஸ்' என்ற ஸ்காட்ஸ் கவிதை வந்தது. வருஷக் கடைசியின் கொண்டாட்ட நாட்கள், இருட்டு, குளிர், கதகதப்பான சாராயக்கடை, பிடில், ஆட்டம், கடைசியில் தெருவில் தள்ளாடுகிறவர்களைப் பிடிக்கக் காத்திருக்கும் நகரக் காவல்படை. எடின்பரோவின் கல் பாவிய தெரு முதல்முறையாகக் கவிதைக்குள் வந்தது போலிருந்தது வாசகர்களுக்கு.

அந்த வார இதழின் அசல் பிரதிகளைக் கருத்தரங்கின் இடையில் காட்டினார்கள். நம் கையடக்கப் பதிப்பு நாவல் அளவுதான் இருக்கும். பஞ்சுமெத்தை போன்ற சாய்வுக் கட்டையில் புத்தகத்தை விரித்துவைத்து, பக்கம் மூடிவிடாமலிருக்க ஈயக்குண்டுகள் கோத்த துணிக்கயிறு ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் அது. இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் நம் வீட்டு எண்பதுகளின் நாவல்களைவிட வெளுப்பாக இருந்தது. அச்செழுத்தின் அழுத்தம் காகிதத்தின் மறுபக்கம் விரலில் தட்டுப்படும். சொல்லின் நடுவே வரும் 's' அந்தக் காலத்து நெட்டெழுத்தாக 'f' போலவே நிற்கும். கட்டுரைகள், வெளிநாட்டுச் செய்திகள், வாசகர் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் கவிதை இருந்தது. அலங்காரக் கட்டமோ பெரிய எழுத்தோ எதுவும் இல்லை.

இந்தப் பத்திரிகைச் சூழலை வைத்து ஃபெர்குசனைப் படிக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கட்சி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ரோனா பிரவுன் 2012-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வாராவாரம் காத்திருக்கும் வாசகன் இருந்ததால்தான் அவருடைய கவிதை இவ்வளவு சூடாக, தேதி போட்ட கடிதம் போல இருக்கிறது. குதிரைப் பந்தயம் நடக்கிற சமயத்தில் பந்தயக் கவிதை, சந்தை கூடுகிற சமயத்தில் சந்தைக் கவிதை, சிப்பிக் காலம் தொடங்கும்போது சிப்பிக் கவிதை. அந்தச் சிப்பிகள் அன்று ஃபோர்த் கழிமுகத்தில் ஏராளமாகக் கிடைத்தன. ஏழை பணக்காரர் எல்லாரும் நிலவறைக் கடைகளில் தின்றார்கள். வாரி வாரி எடுத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவற்றைத் துடைத்துவிட்டார்கள். இப்போது அங்கே மறுபடி சிப்பி வளர்க்கப் பாடுபடுகிறார்கள்.

யாப்பு பற்றிய அமர்வை யாப்பு தெரிந்த தமிழ் வாசகர் ரசித்திருப்பார். ஆறடிச் செய்யுள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தாம் அடிகள் நீளம், அவற்றுக்கு ஒரே இயைபு. நான்கும் ஆறும் குட்டை அடிகள், அவற்றுக்கு வேறோர் இயைபு. மூன்று அடி ஓடிவந்து நான்காவதில் சட்டென்று நின்று, இன்னோர் அடி ஓடி ஆறாவதில் முத்தாய்ப்பு வைக்கும். கேலிக்கும் ஒப்பாரிக்கும் ஒருசேரப் பொருந்துகிற அமைப்பு. பதினேழாம் நூற்றாண்டில் கில்பார்க்கன் என்ற ஊரின் குழலூதி ஹேபி சிம்ப்சனுக்கு எழுதிய இரங்கற்பாவிலிருந்து இது பரவியது. ஆலன் ராம்சே எடுத்துக்கொண்டார், அவரிடமிருந்து ஃபெர்குசன், ஃபெர்குசனிடமிருந்து ராபர்ட் பர்ன்ஸ். இன்று உலகம் இதை 'பர்ன்ஸ் செய்யுள்' என்கிறது. கடைசியாக வாங்கியவர் பெயரே நிலைத்துவிட்டது.

இதுதான் கருத்தரங்கு முழுக்க எனக்கிருந்த மனத்தாங்கலும். ஃபெர்குசனுக்காகக் கூடிய அவையில் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை பர்ன்ஸ் தலைகாட்டினார். ஃபெர்குசனின் குடியானவன் வீட்டு அடுப்படிக் கவிதையிலிருந்து பர்ன்ஸின் சனிக்கிழமை இரவுக் கவிதை வந்தது, லீத் பந்தயக் கவிதையிலிருந்து 'ஹோலி ஃபேர்' வந்தது என்று பட்டியல் நீண்டது. எல்லாம் உண்மைதான், மறுப்பதற்கில்லை. பர்ன்ஸே 1786-ல் தம் முதல் தொகுப்பின் முன்னுரையில் ஃபெர்குசனுக்குக் கடன்பட்டதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் முன்னோடி என்ற பதவி சில சமயம் ஒரு கவிஞரை ஓரங்கட்டும் வழியாகவும் ஆகிவிடும். பர்ன்ஸ் வயலும் ஆறும் காதலும் பாடியவர். ஃபெர்குசன் நகரத்துக் கவிஞர். 1773-ல் வந்த 'ஆல்ட் ரீக்கி' என்ற நீண்ட கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். புகை மண்டிய எடின்பரோவுக்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் அது. விடியற்காலையில் வேலைக்காரப் பெண்கள் படிக்கட்டில் கூடி வம்பளப்பதில் தொடங்கி, அடுக்குமாடியிலிருந்து தெருவில் கொட்டும் கழிவின் நாற்றம், விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் விலைமகள், ஞாயிற்றுக்கிழமை முகத்தை மாற்றிக்கொண்டு தேவாலயம் போகும் கனவான்கள் வரை அதில் வருகிறார்கள். பர்ன்ஸ் எழுதியதில் இதற்கு ஈடு கிடையாது. அவர் எழுதவும் முயலவில்லை.

இரண்டாம் நாள் மாலை அமர்வில் ஓர் இளம் ஆய்வாளர் 'தி டாஃப்ட் டேஸ்' கவிதையைத் திரையில் போட்டு, அருஞ்சொற்களுக்கு அடிக்குறிப்புச் சொல்லிக்கொண்டே வாசித்தார். முடித்ததும் பின்வரிசை ஓட்டுநர் கையைத் தூக்கினார். "கோபித்துக்கொள்ளாதே மகளே, நான் ஒருமுறை படித்துக்காட்டட்டுமா?" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியை நீட்டினார். கிழவருக்கு அது தேவைப்படவில்லை. தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை சொன்னார். குட்டை அடி வரும்போதெல்லாம் தொண்டையில் ஒரு நிறுத்தம், அடுத்து ஒரு தள்ளல். ஆய்வுரைகளின்போது யாருமே சிரிக்காத இடங்களில் அரங்கம் சிரித்தது. இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பள்ளியில் இப்படிப் பேசினால் பிரம்படி விழும் என்றும், பாட்டி வீட்டில் இப்படிப் பேசாவிட்டால் யாருக்கும் புரியாது என்றும் சொன்னார். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 15 லட்சம் பேர். ஹைலண்ட்ஸின் கேலிக் மொழியோடு சேர்த்து ஸ்காட்ஸுக்கும் சட்ட அங்கீகாரம் தரும் மசோதாவை எடின்பரோ நாடாளுமன்றம் 2025 ஜூனில்தான் நிறைவேற்றியது.

அன்றிரவு விருந்து. அதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருந்தது. 1773 ஆகஸ்டில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்தபோது, ஃபெர்குசனின் பழைய பேராசிரியர்கள் தடபுடலாக விருந்து வைத்தார்கள். ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைகளுக்கும் ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்கும் உணவு என்ற பொருள்பட அகராதியில் நக்கல் செய்தவர் அவர். விருந்துச் செய்தி கேட்டு ஃபெர்குசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விருந்தை நான் போட்டிருந்தால் ஹேகிஸ், தீயில் வாட்டிய ஆட்டுத்தலை, கால், ரத்தப் பொரியல் என்று இந்த மண்ணின் சாப்பாட்டையே அவர் வாயில் திணித்திருப்பேன் என்று ஒரு கவிதை எழுதிப் பேராசிரியர்களின் மானத்தை வாங்கினார். எங்கள் விருந்தில் அந்தக் கவிதையை நாற்பது பேராசிரியர்கள் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார்கள். பிறகு ஹேகிஸ் வந்தது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைப் பொடியாக அரிந்து ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து இரைப்பையில் கட்டி வேகவைப்பது. வெளிநாட்டவர்கள் முள்கரண்டியால் தயங்கித் தயங்கிக் கிளறினார்கள். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்புக்குச் சட்டியைச் சுரண்டி வளர்ந்தவனுக்கு அதில் என்ன தயக்கம்? இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். காரம் போதாது.

ஃபெர்குசனுக்கும் இரவுச் சாப்பாட்டுக் கூட்டங்கள் பிடிக்கும். கேப் கிளப் என்று ஒரு சங்கம். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பிரபுப் பட்டம் சூட்டிக்கொண்டு, மதுக்கடைகளில் கூடிப் பாடுவார்கள். நல்ல குரல் என்பதால் இவருக்குக் கிடைத்த பட்டம், தேவாலயத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பவரின் பெயர். இவரை ஓவியமாகத் தீட்டிய அலெக்சாண்டர் ரன்சிமனுக்குக் கந்தகப் பட்டம். பகலில் மரியாதைக்குரிய தச்சராகவும் இரவில் கன்னக்கோல் திருடராகவும் இருந்து, 1788-ல் தூக்கில் தொங்கிய வில்லியம் பிராடியும் அதே சங்கம்தான்.

1773 முடியும்போது சிரிப்பு நின்றது. மனச்சோர்வு, மதபயம், தூக்கமின்மை. கையெழுத்துப் பிரதிகளைத் தீயில் போட்டார் என்கிறார்கள். கோடையில் மாடிப்படியில் விழுந்து தலையில் பலத்த அடி. வீட்டில் விதவைத் தாயால் சமாளிக்க முடியவில்லை. நண்பர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிப் பல்லக்கில் ஏற்றி, நகரத்தின் பித்தர் விடுதிக்குக் கொண்டுபோய்விட்டதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அந்த விடுதி இருந்த இடத்துக்குக் கருத்தரங்குக்காரர்கள் எங்களை நடத்திக் கூட்டிப்போனார்கள். ஜார்ஜ் IV பாலத்தின் தென்கோடியில் எஜமானின் கல்லறையில் 14 வருஷம் காவல் கிடந்ததாகச் சொல்லும் பாபி என்ற நாயின் சிலை இருக்கிறது. அதன் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று எவனோ கிளப்பிவிட, மூக்கு தேய்ந்து மஞ்சளாய் மின்னுகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நாலெட்டு தள்ளி, மாணவர்களே நடத்தும் பெட்லம் நாடக அரங்கு. பழைய தேவாலயக் கட்டடம். பெயர் மட்டும் அருகிலிருந்த பித்தர் விடுதியிலிருந்து வந்தது.

விடுதிக் கட்டடத்துக்கு டேரியன் மாளிகை என்று பெயர். அதன் கதை தனி. 1698-ல் அதைக் கட்டியது ஸ்காட்லாந்து வணிகக் கம்பெனி. மத்திய அமெரிக்காவில் பனாமா பக்கம் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைத்துக் கோடீஸ்வரர்களாகிவிடலாம் என்று நாட்டின் சேமிப்பில் கணிசமான பங்கை அந்தக் கம்பெனியில் கொட்டினார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் ஸ்பானியர் முற்றுகையிலும் எல்லாம் போயிற்று. அந்த நஷ்டம்தான் 1707-ல் இங்கிலாந்தோடு இணையும்படி தள்ளிய காரணங்களில் ஒன்று. கம்பெனியின் அலுவலகம் பிறகு பித்தர் விடுதியாயிற்று. இணைப்புக்குப்பின் நாக்கை அடகு வைத்த ஊரில், அடகு வைக்க மறுத்த கவிஞன், அந்த இணைப்புக்கு வழிவகுத்த கம்பெனியின் கட்டடத்திலேயே வைக்கோல் மேல் கிடந்து செத்தான். இதைக் கதையாக எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டியிருப்பார். கட்டடத்தை 1871-ல் இடித்துவிட்டார்கள்.

அங்கே அவரைப் போய்ப் பார்த்தவர்களில் ஆண்ட்ரூ டங்கன் என்ற இளம் மருத்துவர் ஒருவர். ஃபெர்குசனின் நோய் என்ன என்பதைப் பற்றி அரங்கில் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய நோயாளியை நாடி பார்க்காமல் கண்டுபிடிக்கும் விளையாட்டு எனக்கு அலுப்பாக இருந்தது. டங்கன் செய்ததுதான் முக்கியம். குளிரும் அழுக்கும் நிறைந்த அறையில் அந்த இளைஞர் கிடந்த கோலம் அவர் மனத்தைவிட்டுப் போகவில்லை. பிற்பாடு அரச மருத்துவர் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, 1792-ல், மனநோயாளிகளை மனிதர்களாக நடத்தும் மருத்துவமனை ஒன்று ஊருக்கு வேண்டும் என்று திட்டம் வைத்தார். பணம் சேரவில்லை. விடவில்லை அவர். 1807-ல் அரச சாசனம் கிடைத்தது. 1813-ல் மார்னிங்சைடில் மருத்துவமனை திறந்தது, ஃபெர்குசன் இறந்து 39 ஆண்டுகளுக்குப் பின். இன்றும் அது ராயல் எடின்பரோ மருத்துவமனை என்ற பெயரில் நடக்கிறது. ஒரு கவிஞரின் சாவு நேரடியாக இப்படி ஒரு நன்மையில் முடிந்த வேறொரு சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை. கவிதையால் ஊர் திருந்தியதா என்று கேட்கிறவர்களுக்கு மார்னிங்சைடு பேருந்து எண்ணைக் கொடுத்து அனுப்பலாம்.

நினைவுநாளன்று கேனன்கேட் தேவாலயத்துக்குப் போனோம். ராயல் மைல் என்று சுற்றுலாக்காரர்கள் நிரம்பி வழியும் தெருவின் கீழ்ப்பகுதி அது. கூரை முகட்டில் மான்கொம்பு வைத்த, 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ஆலயம். வாசலில், நடைபாதையிலேயே, ஃபெர்குசன் வெண்கலத்தில் நடந்து போகிறார். 2004 அக்டோபர் 17 அன்று வைத்த சிலை, டேவிட் அன்னண்ட் செய்தது. பீடம் கிடையாது. ஆள் உயரம், கையில் புத்தகம், காற்றில் விரியும் அங்கி, எங்கோ நேரமாகிவிட்டவரின் நடை. ஊரே எழுத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த மாதம் அது. யுனெஸ்கோ எடின்பரோவை உலகின் முதல் இலக்கிய நகரமாக அறிவித்ததும் அப்போதுதான், தெருக்கோடியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்ததும் அப்போதுதான். நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் சிலையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் பெயரைக் குனிந்து படிக்கவில்லை.

கல்லறை ஆலயத்தின் மேற்குப் பக்கம். அதே வளாகத்தில் பொருளாதார மேதை ஆடம் ஸ்மித்தும் இருக்கிறார். அவருக்கு இரும்பு வேலி. ஃபெர்குசனைப் புதைத்தபோது கல் எதுவும் நடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இடம் வெறும் புல்தரை. 1786 கடைசியில், ஒரே புத்தகத்தால் புகழ்பெற்ற பர்ன்ஸ் எடின்பரோ வந்தார். பிரபுக்கள் வீட்டு விருந்துகளுக்கு நடுவே இந்தக் கல்லறையைத் தேடி வந்து, பெயர்ப்பலகைகூட இல்லாததைக் கண்டு கொதித்தார். 1787 பிப்ரவரியில் ஆலய நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, தம் செலவில் கல் நட அனுமதி கேட்டு வாங்கினார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. ஃபெர்குசன் இறந்தபோது பர்ன்ஸுக்குப் பதினைந்து வயது, ஏரோட்டிக்கொண்டிருந்தார்.

கல் வேலையை எடுத்துக்கொண்டவர் ராபர்ட் பர்ன் என்ற கட்டடக் கலைஞர். பெயர்தான் ஒன்று, உறவில்லை. செய்ய இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். 1789-ல் கல் நின்றது. பணம் 1792-ல்தான் போயிற்று, ஐந்து பவுண்டு பத்து ஷில்லிங். அதை அனுப்பிவைக்கும் கடிதத்தில் பர்ன்ஸ் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்: அவர் கல் வைக்க இரண்டு வருஷம், நான் காசு கொடுக்க இரண்டு வருஷம், ஆக இருவருக்கும் சரியாகிவிட்டது என்கிறார். கையில் பணம் புரளாத கலால்வரி ஊழியர், சந்திக்காத கவிஞருக்காகப் பட்ட கடன்.

எளிமையான சாம்பல் கல். முன்பக்கம் பர்ன்ஸ் எழுதிய நாலடி. பின்பக்கம், இந்த நிலம் என்றைக்கும் ஃபெர்குசனுடையது என்ற ஆலய நிர்வாகத்தின் உறுதி. தலைப்பில் பிறந்த ஆண்டு 1751 என்று இருக்கிறது, இறந்த தேதி 16 என்று இருக்கிறது. இரண்டும் தவறு. ஆய்வாளர்கள் அதைப் படித்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார்கள். நூறு வருஷத்துக்குப் பின் சமோவாத் தீவில் நோயோடு இருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அந்தக் கல்லைப் புதுப்பிக்க வேண்டும் என்று 1894-ல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்குசனைத் தம் ஆவியோடு ஒட்டிய சகோதரராகவே நினைத்தவர் அவர். அந்த வருஷக் கடைசியிலேயே ஸ்டீவன்சன் காலமாகிவிட்டார். கல்லருகில் நின்று வடக்கே நிமிர்ந்தால் மேட்டின் மேல் வட்டமாகத் தூண்கள் நிறுத்திய பர்ன்ஸ் நினைவு மண்டபம் தெரிகிறது. கடன்பட்டவருக்கு மேட்டில் மண்டபம், அவர் கடன்பட்டு எழுப்பிய கல் பள்ளத்தில்.

நகரம் ஃபெர்குசனுக்கு நியாயம் செய்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஸ்காட், பர்ன்ஸ், ஸ்டீவன்சன் மூவருக்கும் எழுத்தாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. மூவரில் பர்ன்ஸ் வெளியூர்க்காரர். உள்ளூர் ஃபெர்குசனுக்கு அங்கே தனியிடம் கிடையாது. அவரைக் காப்பாற்றியது தனி ஆட்கள்தான். வாராவாரம் பக்கம் ஒதுக்கிய ரட்டிமன், கல் நட்ட பர்ன்ஸ், மருத்துவமனை கட்டிய டங்கன். 1954-லும் 1956-லும் இரண்டு தொகுதிகளாகச் செம்பதிப்பு கொண்டுவந்த மேத்யூ மெக்டயர்மிட். அவருக்குப்பின் இன்று கிளாஸ்கோவில் புதிய முழுப்பதிப்புக்கு உழைத்துக்கொண்டிருப்பவர்கள். சிலையைவிட எனக்கு அந்தப் பதிப்பு பெரிது. அது முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.

எடின்பரோ போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு அதே தெருவில் சரிவாகக் கீழே நடந்தால், கேனன்கேட் ஆலயம் இடப்பக்கம் வரும். கட்டணம் இல்லை. கொஞ்சம் கீழே எதிர்ப்புறச் சந்தில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். ஃபெர்குசனின் ஆங்கிலக் கவிதைகளைத் தொடவே வேண்டாம். ஸ்காட்ஸில் எழுதியவை முப்பதைச் சற்றே தாண்டும், அவற்றில் 'ஆல்ட் ரீக்கி' முதலில். பக்கத்தில் அருஞ்சொல் அகராதியை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள், பாதி அர்த்தம் ஓசையிலேயே விளங்கிவிடும். பர்ன்ஸை அதன்பிறகு எடுத்துக்கொள்ளலாம்.